காஞ்சியில் குடியிருந்த இலங்கைக் குடும்பம்

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மானவன்மன் என்ற பெயர் நினைவிருக்கும். மாமல்லர் நரசிம்மவர்மரின் நெருங்கிய நண்பனாக வரும் இலங்கை இளவரசன் அவன். ஆயனர், சிவகாமி, நாகநந்தி என்று பெரிய பாத்திரங்களுக்கு நடுவே அவனைப் பலரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அவன் கல்கியின் கற்பனை அல்ல. வரலாற்றில் நிஜமாகவே வாழ்ந்தவன். மனைவியோடு பல்லவ நாட்டுக்கு வந்து, வேற்றூரில் குடித்தனம் நடத்தி, எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, இருபது வருடங்களுக்கு மேல் "எப்போது ஊருக்குத் திரும்புவோம்" என்று காத்திருந்தவன்.

மாமல்லபுரம் என்றவுடன் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு என்று சிற்பங்கள்தான் ஞாபகம் வரும். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த மாமல்லனின் நிழலில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வாழ்ந்த கதை அதிகம் பேசப்படுவதில்லை. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கே எழுதியிருக்கிறது?

இந்தக் கதைக்கு முக்கிய ஆதாரம் 'சூளவம்சம்'. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் தொடர்ச்சி இது. பாலி மொழியில் பௌத்த பிக்குகள் எழுதியது. ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கைகர் இதைப் பதிப்பித்து மொழிபெயர்த்தார். இதன் 47ஆம் அத்தியாயம் முழுக்க மானவர்மனின் கதைதான். (பாலியில் 'மானவம்ம'.)

அவனுக்கு அடைக்கலம் கொடுத்த அரசனை அந்த நூல் 'நரசீக' என்கிறது. நரசிம்மன் என்பதன் பாலி வடிவம் அது. இன்னொரு இடத்தில் அதே அரசனுக்கு 'கண்டுவேட்டி' என்ற பெயரும் வருகிறது. பல்லவர்களுக்கு 'காடுவெட்டி' என்ற பட்டம் இருந்தது நமக்குத் தெரியும். இந்த இரண்டு பெயர்களையும் வைத்துத்தான் மானவர்மன் வந்து சேர்ந்தது பல்லவரின் தலைநகரான காஞ்சிபுரம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

பல்லவர் பக்கத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. காரைக்கால் பக்கத்தில் கிடைத்த காசாக்குடிச் செப்பேடு, வாதாபியை அழித்த நரசிம்மவர்மன் இலங்கையையும் வென்றான் என்று சொல்லி, அந்த வெற்றியில் இராமனையே மிஞ்சிவிட்டான் என்று புகழ்கிறது. ஒரே சம்பவம்தான். பல்லவர் செப்பேட்டில் அது படையெடுப்பு. இலங்கை நூலில் அது நண்பனுக்குச் செய்த உதவி!

ஏன் ஊரை விட்டு வந்தான்?

ஏழாம் நூற்றாண்டில் அநுராதபுரத்துச் சிம்மாசனம் ஒரு நாற்காலிப் போட்டி மாதிரி இருந்தது. ஒருவன் அரசனாவான். தோற்றவன் கடல் கடந்து தமிழகம் வந்து கூலிப்படை திரட்டிக்கொண்டு போவான். பிறகு அவன் அரசனாவான். இவன் ஓடி வருவான். இது பழைய வழக்கம்தான். சிகிரியாவைக் கட்டிய காசியப்பனுக்குப் பயந்து இந்தியா வந்த அவன் தம்பி முகலான், 18 வருடம் கழித்துப் படையோடு திரும்பியது ஐந்தாம் நூற்றாண்டுக் கதை.

மானவர்மன் இரண்டாம் காசியப்பனின் மகன். தந்தை இறந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். ஆட்சி வேறு கைகளுக்குப் போனது. பிறகு தாட்டோபதிஸ்ஸன் என்பவன் தமிழகத்திலிருந்து படையோடு வந்து அரசைப் பிடித்துக்கொண்டான். மானவர்மன் ஒதுங்கி வாழ்ந்தான். மலைநாட்டுத் தலைவனின் மகள் சங்காவை மணந்தான். ஆனால் பழைய அரசனின் மகன் உயிரோடு இருப்பது புதிய அரசனுக்கு எப்போதும் தலைவலிதானே? இனி இங்கே இருக்க முடியாது என்ற நிலையில் மானவர்மன் கப்பலேறினான்.

முதலில் தனியாக, பிறகு மனைவி

இந்தக் கதையில் இன்றைக்கும் பொருந்துகிற ஒரு சின்ன விவரம் உண்டு. மானவர்மன் முதலில் தனியாகத்தான் வந்தான். பல்லவ அரசனிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவனுடைய நம்பிக்கையைப் பெற்ற பிறகுதான் மனைவியை வரவழைத்தான்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இன்றும் இதைத்தானே செய்கிறார்கள்? முதலில் ஆண் மட்டும் போய், வேலை நிலைத்து, தங்க ஓர் இடம் பார்த்து, அப்புறம்தான் குடும்பம். 1300 வருடங்களுக்கு முன்னால் ஓர் இளவரசனுக்கும் அதே வரிசைதான்.

இரவும் பகலும் அவன் அரசனுக்கு ஊழியம் செய்தான் என்கிறது சூளவம்சம். அதில் மகிழ்ந்த அரசன் அவனுக்குத் தகுந்த வருமானம் ஏற்படுத்திக் கொடுத்தான். அங்கே இருந்த காலத்தில் சங்காவுக்கு நான்கு பெண்களும் நான்கு ஆண்களும் பிறந்தார்கள். இது ஒரே வரியில் வருகிறது. பிள்ளைகளின் பெயர்கூட இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். யுத்தங்களையும் யானைகளையும் விரிவாக வர்ணிக்கிற நூல், எட்டுக் குழந்தைகளை வேற்றூரில் வளர்த்த கதையை ஒரு வரியில் முடித்துவிட்டது.

அந்தக் காஞ்சி எப்படி இருந்தது?

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள நல்லவேளையாக வேறு ஒரு சாட்சி இருக்கிறது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் பிக்குகள் என்று அவர் எழுதினார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய சீடர் இன்னும் சுவையான ஒரு தகவலைத் தருகிறார். யுவான் சுவாங் காஞ்சியிலிருந்து இலங்கை போகத்தான் திட்டமிட்டிருந்தார். ஆனால் இலங்கையிலிருந்து வந்த பிக்குகள் கூட்டம் ஒன்றைக் காஞ்சியில் சந்தித்தார். சுமார் 300 பேர். அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சம், அதனால் இங்கே வந்துவிட்டோம் என்றார்கள். யுவான் சுவாங் பயணத்தையே கைவிட்டார்.

ஆக, இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிக் காஞ்சிக்கு வந்தவர்களில் மானவர்மன் குடும்பம் முதலும் அல்ல, ஒரே குடும்பமும் அல்ல. ஏற்கெனவே அந்த ஊரில் இலங்கைக்காரர்கள் இருந்தார்கள். பௌத்தரான சங்காவுக்குக் கும்பிட மடங்கள் இருந்தன. பாலி தெரிந்த பிக்குகள் இருந்தார்கள். அதே சமயம் தெருவில் தமிழ், அரண்மனையில் சமஸ்கிருதம். அப்பரும் சம்பந்தரும் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு, சைவம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலமும் அதுவே. அந்த எட்டுப் பிள்ளைகளும் இந்தச் சத்தங்களுக்கு நடுவேதான் வளர்ந்திருக்க வேண்டும்.

காஞ்சியிலிருந்து இலங்கைக்குக் கடலில் மூன்று நாள் பயணம் என்றும் அந்தச் சீன நூல் சொல்கிறது. காஞ்சியோ கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். இன்றைய சாலைக் கணக்கில் செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் சுமார் 65 கிலோமீட்டர். ஆகவே காஞ்சியின் துறைமுகம் என்று ஆய்வாளர்கள் பலரும் மாமல்லபுரத்தைத்தான் காட்டுகிறார்கள். அடுத்த நூற்றாண்டில் திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது செல்வம் ஏற்றிய கப்பல்கள் நிற்கிற ஊராகவே அதைப் பாடினார்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மானவர்மன் பார்த்த மாமல்லபுரத்தில் இன்றைய கடற்கரைக் கோயில் கிடையாது. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலும் கிடையாது. இரண்டும் பிறகு வந்த இராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியவை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள வல்லம் குடைவரை போன்ற மகேந்திரவர்மன் காலத்துக் குகைகள் அப்போது இருந்தன.

ஓர் இளநீர்க் கதை

வேற்றூரில் தங்கியிருப்பவனுக்குப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இவர்கள் நம்மை எப்படி நினைக்கிறார்கள்? விருந்தாளியா, வேலைக்காரனா, நண்பனா? சூளவம்சம் இதற்கு ஒரு கதை சொல்கிறது.

ஒருநாள் அரசன் யானை மேல் உலா போனான். மானவர்மனும் உடன் போனான். அரசனுக்குத் தாகம். இளநீர் குடித்தான். மீதியை மானவர்மனிடம் நீட்டினான். எச்சில் இளநீர்! ஓர் அரசன் மகன் அதைக் குடிக்கலாமா? மானவர்மன் ஒரு கணம் யோசித்தான். இவன் என் நண்பன், இதில் என்ன தீட்டு என்று நினைத்துக் குடித்துவிட்டான். அதைப் பார்த்த நரசிம்மன், மானவர்மன் குடித்து வைத்த மீதியைத் திரும்ப வாங்கித் தானும் குடித்தான். அன்றிலிருந்து சாப்பாடு, படுக்கை, வாகனம், அலங்காரம் எல்லாவற்றிலும் தனக்குச் சமமாக அவனை நடத்தினான்.

இது நடந்ததா, பிக்குகள் கேள்விப்பட்டு எழுதியதா என்பது வேறு விஷயம். ஆனால் எழுதியவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. அடைக்கலம் கேட்டு வந்தவன் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அது மட்டும் நடந்தால் அவன் என்றைக்கும் ஊழியக்காரன்தான். அவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்போதுதான் சமமாகிறான்.

யுத்தம்

அடுத்ததாக வல்லபன் என்ற அரசன் நரசிம்மன் மீது படையெடுத்து வந்தான். நரசிம்மன் மானவர்மனை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனான். தன் நாட்டைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இவன் நம்மிடம் காத்திருக்கிறான், நம் சண்டையில் இறந்துபோனால் எல்லாம் வீணாகிவிடும் என்பது அவன் எண்ணம்.

மானவர்மன் வேறு விதமாக யோசித்தான். எனக்கு அடைக்கலம் கொடுத்தவன் போர்க்களத்தில் இறந்து, நான் இங்கே உயிரோடு இருந்தால் அந்த உயிரால் என்ன பயன்? யானை ஏறிப் படையோடு பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டான். இருவரும் சேர்ந்து வல்லபனைத் தோற்கடித்தார்கள்.

யார் இந்த வல்லபன்? வல்லபன் என்பது சாளுக்கியப் பட்டம். பலரும் இரண்டாம் புலிகேசி என்று கொள்கிறார்கள். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை நரசிம்மவர்மன் தோற்கடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. வாதாபி வீழ்ந்தது கி.பி. 642இல். ஆனால் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தனுக்கும் இதே பட்டம் இருந்தது. அவனும் பல்லவர்களோடு போரிட்டவன். இலங்கை அரசர்களின் கால வரிசையோடு வைத்துப் பார்த்தால் அவனாக இருக்கவும் வாய்ப்பு உண்டு என்போர் இருக்கிறார்கள்.

போனதும், திரும்பி வந்ததும்

வெற்றிக்குப் பிறகு நரசிம்மன் படையும் கப்பலும் கொடுத்து மானவர்மனை அனுப்பினான். இலங்கையில் இறங்கியவுடன் தாட்டோபதிஸ்ஸன் ஓடிவிட்டான். தலைநகரம் கைக்கு வந்தது. முடிசூட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் காஞ்சியில் அரசனுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. பல்லவப் படை திரும்பிவிட்டது. ஓடியவன் திரும்ப வந்தான். மானவர்மன் மறுபடியும் கடல் கடந்து காஞ்சிக்கே வந்து சேர்ந்தான்.

இதற்குப் பிறகு எத்தனை காலம்? சூளவம்சத்தில் உள்ள ஆட்சி ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். தாட்டோபதிஸ்ஸனின் மொத்த ஆட்சி 9 ஆண்டுகள். அவனுக்குப் பின் நான்காம் அக்கபோதி 16 ஆண்டுகள். தத்தன் 2 ஆண்டுகள். இரண்டாம் அட்டதாட்டன் 6 மாதங்கள். மானவர்மன் முதல் முறை தோற்றுத் திரும்பியது தாட்டோபதிஸ்ஸன் காலத்தில். அடுத்த முறை போனது அட்டதாட்டன் காலத்தில். ஆக, இடையில் மட்டும் பதினெட்டு வருடங்களுக்கு மேல்! அதற்கு முன் இருந்த காலத்தையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும்.

தற்காலிகமாக வந்தவன்தான். ஆனால் அந்தத் "தற்காலிகம்" முடிவதற்குள் காஞ்சியில் பிறந்த முதல் குழந்தை கல்யாண வயதைத் தொட்டிருக்கும்.

கரையில் தனியாக நின்ற அரசன்

இரண்டாவது படையெடுப்பைச் சூளவம்சம் சொல்லும் விதமே தனி. நண்பன் தன் ஊழியத்திலேயே கிழவனாகிக்கொண்டிருக்கிறான், இதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி அரசாள்வது என்று நரசிம்மன் வருந்தினான். பெரிய படை திரட்டி, கப்பல் கட்டி, கரைக்குக் கொண்டுவந்தான். ஆனால் வீரர்கள் கப்பல் ஏற மறுத்தார்கள். அரசன் வராமல் நாங்கள் போக மாட்டோம் என்றார்கள்.

நரசிம்மன் ஒரு தந்திரம் செய்தான். தன் நகைகளையும் அரச சின்னங்களையும் மானவர்மனுக்கு அணிவித்துக் கப்பலில் ஏற்றினான். தன் முரசையும் கொடுத்தான். முரசு கடலில் முழங்கியது. அரசன் போகிறான் என்று நினைத்துப் படை முழுவதும் கப்பல் ஏறிவிட்டது. நிஜ அரசன் மட்டும் கரையில் தனியாக நின்றான்.

எந்தக் கரை என்று நூல் சொல்லவில்லை. பல்லவரின் துறைமுகம் என்பதால் மாமல்லபுரம் என்றே பலரும் கருதுகிறார்கள்.

இந்த முறை வெற்றி. அட்டதாட்டன் கொல்லப்பட்டான். அவனை ஆட்டிவைத்த பொத்தகுட்டன் என்ற தளபதி தப்பி ஓடிய இடத்தில் விஷ உணவு தின்று இறந்தான். இந்தப் பொத்தகுட்டன் ஒரு தமிழன்! சிங்கள இளவரசனுக்காகப் போரிட்டது காஞ்சியின் பல்லவப் படை. எதிர்ப்பக்கம் நின்றது அநுராதபுரத்துத் தமிழ்த் தளபதி. தமிழர் - சிங்களவர் என்று இன்றைய கோடு போட்டு அந்தக் காலத்தைப் படிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

மானவர்மன் முடிசூடியது கி.பி. 684 என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு. இதில் ஒரு சிக்கல் உண்டு. முதலாம் நரசிம்மவர்மன் அதற்கு முன்பே, 668 வாக்கில் இறந்துவிட்டான். அப்படியானால் இரண்டாவது படையை அனுப்பியது அவன் பேரன் முதலாம் பரமேசுவரவர்மனாக இருக்கலாம். இரண்டு அரசர்கள் செய்த உதவியைப் பிற்காலத்தில் எழுதிய பிக்குகள் ஒரே நண்பனின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். அப்படி என்றால் இன்னொன்றும் விளங்கும். அடைக்கலம் கொடுத்தது ஒரு தனி மனிதனின் நட்பு மட்டுமல்ல. தாத்தா கொடுத்த வாக்கைப் பேரன் காப்பாற்றியிருக்கிறான்.

காஞ்சிப் பிள்ளைகள்

மானவர்மன் 35 வருடங்கள் ஆண்டான். அவனுக்குப் பின் அவன் மகன்கள் மூவர் வரிசையாக அரசர்கள் ஆனார்கள். ஐந்தாம் அக்கபோதி, மூன்றாம் காசியப்பன், முதலாம் மகிந்தன். முதல் இருவருக்கும் ஆறேழு வருடங்கள், மூன்றாமவனுக்கு மூன்றே வருடங்கள். ஏன் இவ்வளவு குறைந்த ஆட்சிகள்? காஞ்சியில் பிறந்த நால்வரில் மூவர் இவர்கள் என்றால் காரணம் எளிது. அப்பா காத்திருந்த காலம், அப்பா ஆண்ட காலம் எல்லாம் கழிந்து இவர்கள் முறை வந்தபோது ஐம்பது வயதை ஒட்டியோ தாண்டியோ இருந்திருப்பார்கள்.

அதாவது எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அநுராதபுரத்துச் சிம்மாசனத்தில் இருந்தவர்கள் சின்ன வயதில் காஞ்சித் தெருக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். இதன் தடயம் கல்லிலும் இருக்கிறது என்பார்கள். அநுராதபுரம் இசுருமுனியவில் குளத்தோரப் பாறையில் செதுக்கிய யானைகளைப் பார்க்கிறவர்களுக்கு மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு ஞாபகம் வராமல் போகாது. மாத்தளைப் பக்கம் உள்ள நாலந்தா கெடிகே, பல்லவப் பாணியில் கட்டிய பௌத்தக் கற்கோயில். நீர்த்தேக்கத்துக்காக அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் உள்ள பாறைக் கல்வெட்டு, பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டது. இவை எல்லாவற்றையும் மானவர்மன் குடும்பத்தின் கணக்கில் எழுத முடியாதுதான். வணிகர்களும் சிற்பிகளும் பிக்குகளும் எப்போதும் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்த வழி அகலமானதில் இந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.

மானவர்மன் தொடங்கிய வம்சம் முந்நூறு வருடங்களுக்கு மேல் நீடித்தது. அதன் கடைசி அரசன் ஐந்தாம் மகிந்தனை 1017 வாக்கில் இராஜேந்திர சோழனின் படை பிடித்துக்கொண்டு வந்தது. சோழ நாட்டில் 12 வருடங்கள் சிறையிருந்து அங்கேயே அவன் இறந்தான். தமிழகத்தில் அடைக்கலமாக வாழ்ந்தவன் தொடங்கிய வம்சம், தமிழகத்திலேயே கைதியாக முடிந்தது.

அந்த ஒரு வரி

1983க்குப் பிறகு இதே கடலைக் கடந்து ஆயிரக்கணக்கான ஈழத்துக் குடும்பங்கள் தமிழகம் வந்தன. மண்டபம் முதல் கும்மிடிப்பூண்டி வரை முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். கொஞ்ச நாள்தான், சண்டை முடிந்ததும் போய்விடலாம் என்றுதான் வந்தார்கள். சண்டை 2009இல் முடிந்தது. 2021 கணக்கிலும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. இவர்களில் பலர் தமிழகத்திலேயே பிறந்தவர்கள். அப்பா அம்மா சொல்லிக் கேட்டதைத் தவிர இலங்கையைப் பார்த்ததே இல்லை. ஆனால் இந்தியக் குடிமக்களும் இல்லை.

மானவர்மனுக்கு ஓர் அரசன் நண்பனாகக் கிடைத்தான், கப்பல் கொடுத்தான். எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆனால் எல்லாக் கதையிலும் ஒன்று பொது. பெற்றோருக்கு அது காத்திருந்த ஊர், பிள்ளைகளுக்கோ பிறந்த ஊர். திரும்பிப் போவது என்ற வார்த்தைக்கு ஒரே வீட்டுக்குள் இரண்டு பொருள். சங்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அநுராதபுரம் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு அது வீடு திரும்புதல். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்!

நான்கு பெண்கள், நான்கு ஆண்கள் என்று ஒரே வரியில் சூளவம்சம் கடந்துபோன இடத்தில் இத்தனையும் இருக்கிறது. அடுத்த முறை மாமல்லபுரம் போகிறவர்கள் சிற்பங்களைப் பார்த்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் கடலையும் பார்க்கலாம். மூன்று நாள் தூரத்து ஊருக்குப் போக இருபது வருடம் காத்திருந்த ஒரு குடும்பம் பார்த்த கடல் அது.